அக்கா கையெழுத்துப் போட மறுத்த காகிதம்

1

போன சனிக்கிழமை என் தமிழ் வகுப்பில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி எழுதிக் கொடுத்த கட்டுரையில் ஒரு வரி: "எங்கள் தமிழ் வாத்தியார் முருகேசன் மாமாவும் அவருடைய பங்காளி சீனி மாமாவும் ஒரே வீட்டில் வசிக்கிறார்கள். அந்த வீட்டில் எலுமிச்சை மரம் உள்ளது."

எனக்கு வந்த சிரிப்பில் கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது. அவள் பயந்துவிட்டாள். "டிக்‌ஷனரியில அப்படித்தான் போட்டிருக்கு அங்கிள். பார்ட்னர்னா பங்காளி" என்றாள். தப்பு அவள் பேரில் இல்லை. சிட்னியின் மேற்குப் புறநகரில், வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட அறையில், வாரம் இரண்டு மணி நேரம் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு நம் ஊர்ப் பங்காளியைப் பற்றி என்ன தெரியும்? ஒரே கொடிவழி, அண்ணன் தம்பி முறை, வரப்புச் சண்டை, சாவு வீட்டில் மொட்டை, இதெல்லாம் சேர்ந்ததுதானே நமக்குப் பங்காளி.

இந்தப் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் தமிழை விட்டு விலகிப் போகிறார்கள் என்று நானும்தான் புலம்புகிறேன். 'மழை' என்று சொல்லச் சொன்னால் 'மலை' என்கிறார்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர்களுடைய அப்பா அம்மாமார் நாலைந்து வருடமாகச் சீனியை 'உங்க ரூம்மேட்' என்றுதான் கேட்கிறார்கள். கேட்கும்போதே பார்வை சுவருக்குப் போய்விடும். பிள்ளைகள் அப்படி இல்லை. முறை தெரியாமல் எழுதினாலும் விஷயம் தெரிந்து எழுதுகிறார்கள்.

நான் அத்தனை சிரித்ததற்கு வேறு காரணம் உண்டு. இதே வார்த்தை, ஐந்து வருடத்துக்கு முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையையும் கவிழ்க்கப் பார்த்தது.

2

நான் இராஜபாளையத்துக்காரன். எண்பதுகளில் அங்கே ஒரு நூற்பாலையில் மெஷின் பிட்டர். சீனிவாசன் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்திருந்தவன். மனு, பிரமாணப் பத்திரம், வக்கீல் நோட்டீஸ் எது வேண்டுமானாலும் அடித்துக் கொடுப்பான். ஆலைத் தகராறு ஒன்றுக்கு மனு எழுத அவனிடம் போனேன். நான் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தவன் நடுவில் கையை எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, இம்புட்டுக் கோவத்தையும் ஒரே பக்கத்துல அடிச்சா ரிப்பன் அந்துரும். கொஞ்சம் கொறைச்சுக்கிடுதீயளா?" என்றான். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அன்றைக்கு மட்டும் சிரித்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டவுன் பஸ் ஏறி இராஜபாளையம் வந்துவிடுவான். எங்களுக்குள் இருந்ததற்கு என்ன பேர் என்று எங்களுக்கே தெரியாது. ஊரில் அதற்கு இருந்த பேரெல்லாம் வசவு. சட்டத்தில் இருந்த பேர் குற்றம். முன்னூற்று எழுபத்தேழாம் பிரிவு பற்றிச் சீனிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கோர்ட்டு வாசலிலேயே பிழைத்தவன்.

எனக்குப் பெற்றோர் இல்லை, அக்கா மட்டும்தான். பேர் மாரியம்மாள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அத்தான் லாரி டிரைவர். அக்கா பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை பார்த்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், கையில் கிடைத்ததை எல்லாம் வாசிப்பாள், பொட்டலம் கட்டி வந்த காகிதம் உட்பட. சீனி வந்தால் "வாங்க தம்பி" என்று கூப்பிட்டுச் சோறு போடுவாள்.

தளவாய்புரத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். போனோம், பஜ்ஜி தின்றோம், வந்தோம். வீட்டுக்கு வந்ததும் "வேண்டாம்" என்றேன். இது நாலாவது வேண்டாம். அக்கா சொளகில் அரிசியைப் போட்டுப் புடைத்துக்கொண்டே கேட்டாள்:

"ஏலே, இந்தப் பொண்ணு புடிக்கலையா, இல்ல பொண்ணே புடிக்கலையா?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பொறவு, "சரி விடு. இனிமே யாரு வீட்டுப் பொண்ணையும் கூட்டி உக்கார வச்சு, அதுக்கு ஆசை காட்ட வேண்டாம். தரகர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். எழுந்து கடைக்குப் போய்விட்டேன்.

3

எண்பத்தெட்டில் சிட்னிக்கு வந்தேன். கார்ப்பெட் ஆலையில் வேலை. முதல் வாரமே கேன்டீன் சுவரில் ஒரு அரசாங்கத் தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். நிறம், மதம், ஆண் பெண் வித்தியாசம் பார்த்து ஒருவரை வேலையில் ஒதுக்கக் கூடாது என்று பட்டியல் போட்டிருந்தது. அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன். ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காக ஒருவனை வேலையை விட்டு நிறுத்தினால் அது மாநிலச் சட்டப்படி தப்பு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை வாசித்தேன். டீ ஆறிப்போனது.

நான் வருவதற்கு நாலு வருடம் முன்னால் வரை இந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் எங்களைப் போன்ற ஆண்கள் சட்டப்படி குற்றவாளிகள்தான். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இங்கே எல்லோரும் பிறவியிலேயே நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

யூனியன்காரர் ஒருவரிடம் போய் அந்தத் தாளைக் காட்டி, "இது நிஜமா, சும்மா ஒட்டியிருக்கிறார்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்கிறாய் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஊரில் எனக்குப் புருஷன் மாதிரி ஒரு நண்பன் இருக்கிறான் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் இன்னொரு மனிதனிடம் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "அதற்கு இங்கே பார்ட்னர் என்று பேர்" என்றார். அந்த வார்த்தையை அன்றைக்கு முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பார்ட்னர் என்று பேர் கிடைத்தால் போதுமா, ஆள் வர வேண்டாமா? ஆறு வருடம் கடிதம்தான். இரண்டு தடவை லீவில் போய் வந்தேன். தொண்ணூறுகளில் ஒரு வழி திறந்தது. ஒருவரையொருவர் சார்ந்து வாழ்கிறவர்கள் என்ற பிரிவில், எங்களைப் போன்றவர்கள் துணையை இந்த நாட்டுக்குக் கூட்டிக்கொள்ளலாம். விசா என்பது கான்பெராவின் வேலை. நம் ஊரில் தில்லி மாதிரி. வேலை, வீடு, சொத்து, ஆஸ்பத்திரி எல்லாம் மாநிலத்தின் கையில்.

தொண்ணூற்று நாலில் விண்ணப்பம் போட்டேன். ஆணும் பெண்ணும் என்றால் கல்யாணப் பத்திரத்தை நீட்டினால் பாதி வேலை முடிந்தது. எங்களுக்கோ ஒரு சாக்குக் காகிதம் கேட்டார்கள். கடிதங்கள், போட்டோக்கள், டெலிபோன் ரசீதுகள். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் உறவு உண்மையானது என்று தெரிந்தவர்களின் சத்தியப் பிரமாணம் இரண்டு. ஒன்றை யூனியன்காரர் கொடுத்தார். இன்னொன்று ஊரில், குடும்பத்து ஆள் ஒருவர் கொடுத்தால்தான் கோப்பு நிற்கும் என்றார்கள். எட்டு வாரம் தவணை.

சீனி வீட்டில் அதைக் கேட்கவே முடியாது. என் பக்கம் இருந்தது அக்கா ஒருத்திதான். அவளுக்கோ மகள் செல்விக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். கேட்டு எழுதினேன். "போடுதேன்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

4

இனி வருவது சீனி சொன்னது. இங்கே யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் சொல்வான், எனக்கு மனப்பாடம்.

அக்கா கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போனாள். சீனிக்குப் பழக்கமான நோட்டரி வக்கீல் ஒருவர், பத்திரத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தார். அக்கா பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். வக்கீல் வாசித்தார்: "மேற்படி முருகேசனும் மேற்படி சீனிவாசனும் பங்காளிகள் என்றும், ஒருவரையொருவர் சார்ந்து வாழ்பவர்கள் என்றும் நான் நேரில் அறிவேன்…"

"செத்த நிறுத்துங்க சார். என்னமோ சொன்னீயளே, பங்காளியா?"

"ஆமாம்மா. அவங்க பார்ட்னர்னு கேட்டிருக்காங்க. பங்கு உள்ளவன் பங்காளி. சரியாத்தான் இருக்கு."

"எங்கனக்குள்ள சரியா இருக்கு? எங்க தாத்தாவும் அவிய தாத்தாவும் ஒரு வயித்துப் பிள்ளைகளா? நாங்க வேற, அவிய வேற."

வக்கீல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, இது தெரிஞ்சுதான் போட்டேன். பங்காளின்னா பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வராது. உள்ளதை உள்ளபடி எழுதினா உங்களுக்குத்தான் சங்கடம். இந்த நாட்டுல அதுக்கு ஒரு சட்டம் இருக்கு, தெரியுமில்ல?"

சீனி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் பயம். அந்த வார்த்தைக்குச் சம்மதம் சொன்னவனே அவன்தான்.

அக்கா பேனாவை மூடினாள். "சார், நீங்க படிச்சவிய. பங்காளிக்குள்ள கொண்டு கொடுக்க முடியுமா? அண்ணன் தம்பி முறையில்லா? இதுல நான் கையெழுத்தைப் போட்டேன்னு வைங்க, இவிய ரெண்டு பேரும் சேந்து இருக்கது முறைகெட்ட காரியம்னு நானே எழுதிக் குடுத்தது மாதிரி ஆயிரும். இது சரியில்ல. நான் போட மாட்டேன்."

எழுந்து போய்விட்டாள்.

சீனி அழுதுகொண்டே பூத்துக்குப் போய் எனக்குப் போன் போட்டான். லைன் கரகரவென்று இருந்தது. "அக்கா கையெழுத்துப் போடல முருகேசா. 'இது சரியில்ல'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ…" அதோடு கட்டாகிவிட்டது.

நான் என்ன நினைப்பேன்? எங்களைத்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. உட்கார்ந்து கடிதம் எழுதினேன். எழுதியதை இங்கே முழுக்கச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊரான் புண்ணுக்கெல்லாம் கட்டுத்துணி மடிக்கிற உனக்குத் தம்பிக்கு ஒரு கையெழுத்துப் போடக் கை வலிக்கிறதா, மகளுக்கு மாப்பிள்ளை போய்விடுவான் என்று பயமா, இனி உனக்குத் தம்பி இல்லை என்று எழுதிக்கொள், இப்படிப் போனது அந்தக் கடிதம். மறுபடி வாசித்துப் பார்க்காமல் தபாலில் போட்டேன்.

அக்கா ஒரு வாரம் யோசித்திருக்கிறாள். யாரையும் கேட்கவில்லை. அடுத்த திங்கள்கிழமை அவளாகவே கிளம்பி, சீனியையும் இழுத்துக்கொண்டு அதே வக்கீல் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"வார்த்தை கிடைச்சிருச்சு சார். 'கொண்டான் கொடுத்தான்'னு எழுதுங்க."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தக்காரர்களைத்தானே அப்படிச் சொல்வது. "இதுல யாரும்மா கொண்டா, யாரு கொடுத்தா?"

"நாங்க கொடுத்தோம், அவிய கொண்டாவ. இல்லேன்னா அவிய கொடுத்தாவ, நாங்க கொண்டோம். அது எங்க ரெண்டு வீட்டுப் பாடு. ஒங்களுக்கு எதுக்கு சார் அம்புட்டு விசாரணை?"

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நான் உங்க கையெழுத்துக்குத்தான் சாட்சி, விஷயத்துக்கு இல்ல. எழுதிக்கோங்க" என்றார். குமாஸ்தா இதை எழுத மாட்டேன் என்று நழுவிவிட்டார். அதனால் சீனியே தன் மெஷினில் உட்கார்ந்தான். ஊர்ப்பட்ட பேருக்குப் பிரமாணப் பத்திரம் அடித்த கை, அந்த ஒரு வரியில் மூன்று தடவை தப்படித்தது. மூன்று தாள் கிழிந்தது. நாலாவதில் அக்கா 'மா.மாரியம்மாள்' என்று குண்டு குண்டாகக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் சீனி, "அக்கா…" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்கிறான். அவள் சேலையை உதறிக்கொண்டு, "நானும் இனிமே ஒங்களைத் தம்பின்னு கூப்பிட முடியாது. முறை மாறிப்போச்சுல்லா? வாங்க கொழுந்தனாரே, பஸ் வந்துரும்" என்றாள். தம்பியின் துணையைக் கொழுந்தனார் என்று கூப்பிடலாமா என்று எந்த அகராதியிலும் நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அன்று முதல் அதுதான் முறை.

5

பத்திரமும் அக்காவின் கடிதமும் ஒரே உறையில் வந்தன. அவள் அதைத் தபாலில் போடுவதற்கு முந்தின நாள்தான் என் கடிதம் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் எழுதியது இவ்வளவுதான்: "உன் கடுதாசி வந்தது. வாசித்தேன். கோபத்தில் ஏகப்பட்ட எழுத்துப்பிழை. உனக்கு இன்னும் ற எது, ர எது என்று தெரியவில்லை. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு." நான் பஸ் நிறுத்தத்தில் நின்று அதை வாசித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். அழுகை நின்றால்தானே ஏற முடியும்.

பத்திரத்தை மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். போன் செய்து, "தம்பி, இந்தக் கொண்டான் கொடுத்தான் எண்டதை நான் எப்படிப் போடுறது? உங்கட அக்கா என்ன கருத்தில சொல்லுறா?" என்று கேட்டார். சொன்னேன். "விளங்குது. நான் வடிவாப் போடுறன்" என்றார். 'கல்யாண உறவால் எங்கள் வீட்டோடு சேர்ந்த வீடு' என்று அர்த்தம் வருகிறாற்போல அவர் போட்டிருந்தார்.

நேர்காணலில் அதிகாரி அந்த வரியில் விரலை வைத்தார். "உங்கள் ஊரில் உங்களுக்குச் சடங்கு எதுவும் நடந்ததா?"

"இல்லை. என் அக்கா முடிவு பண்ணினாள்" என்றேன்.

அவர் குறித்துக்கொண்டார். ஏழு வாரம் கழித்து விசா வந்தது. 'பங்காளி' என்று போயிருந்தால் மொழிபெயர்ப்பில் நாங்கள் இரத்த உறவாகி, கோப்பு அன்றைக்கே மூடப்பட்டிருக்கும். அக்காவுக்கு அந்த விதி எதுவும் தெரியாது. பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்ற ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்கு அவள் கொடுத்த விலையையும் எழுதிவிடுகிறேன். கோர்ட்டு வாசல் பேச்சு இராஜபாளையம் வர எத்தனை நாள் ஆகும்? செட்டியார்பட்டியிலிருந்து செல்வியைக் கேட்டு வந்தவர்கள், பேசி முடிக்கிற கட்டத்தில் ஒரு மாதிரி இழுத்திருக்கிறார்கள். உங்கள் தம்பி விஷயமாக என்னவோ எழுதிக் கொடுத்தீர்களாமே, அது புரளிதானே, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று. அத்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தாராம்.

"புரளி இல்ல, நாந்தான் எழுதிக் குடுத்தேன். அவன் என் தம்பி, அவிய எங்க சம்பந்தம். பொண்ணு வேணும்னா காப்பியக் குடிங்க. வேண்டாம்னா பஸ்ஸு அந்தா நிக்கி" என்றாள் அக்கா.

பஸ்ஸுக்குத்தான் போனார்கள். செல்விக்கு அதற்கப்புறம் இரண்டு வருடம் கழித்துத்தான் கல்யாணம் ஆனது. அந்த இரண்டு வருடமும் என் மனசு பட்ட பாடு எனக்குத் தெரியும். செல்வி மட்டும், "நீங்க ஏன் மாமா கெடந்து உருகுதீய? காப்பி குடிக்காத வீட்டுக்குப் போயி நான் என்ன செய்ய?" என்று எழுதினாள். தாய்க்குத் தப்பாத பிள்ளை.

6

சீனி வந்தான். இங்கே ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து கடன் போட்டு இந்த வீட்டை வாங்கினோம்; பத்திரம் என் பேரில் மட்டும். தொண்ணூற்றேழில் அவனுக்குக் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஒப்புதல் தாளில் நான் கையெழுத்துப் போடப் போனேன். என்ன உறவு என்று கேட்டார் முன்மேசையில் இருந்தவர். சொன்னேன். அவர் தாளில் மேலும் கீழும் தேடினார், அதற்குக் கட்டமே இல்லை. கடைசியில் 'நண்பர்' என்று எழுதிவிட்டு, குடும்பத்தினர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். விசா கொடுத்து உள்ளே விட்ட நாட்டில், ஆபரேஷன் அறை வாசலில் நான் யாரோ ஆகிவிட்டேன். அன்றைக்கு நான் போட்ட சத்தம் அந்தத் தாழ்வாரம் முழுக்கக் கேட்டிருக்கும். சீனி பிழைத்து வந்தது அவன் அதிர்ஷ்டம்.

இந்த வருடக் குளிர்காலத்தில் மாநிலச் சட்டசபை அந்தக் கட்டத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஜோடியாகச் சேர்ந்து வாழும் இருவர், ஆணும் ஆணுமானாலும் பெண்ணும் பெண்ணுமானாலும், இனிச் சட்டத்தின் கண்ணில் ஒரு குடும்பம். ஒருவர் உயில் எழுதாமல் செத்தால் மற்றவருக்குச் சொத்தில் உரிமை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும் உரிமை. கேன்டீனில் ஆறின டீயோடு நின்ற நான், இன்று ஒரு மாநிலத்தின் சட்டப் புத்தகத்தில் குடும்பஸ்தன். பெருமைப்படாமல் என்ன செய்ய? கல்யாணம் என்ற வார்த்தையை இன்னும் தரவில்லை; அதையும் ஒரு நாள் வாங்காமல் விடமாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவுக்குப் போன் செய்தேன். இப்போது வீட்டிலேயே போன் வைத்திருக்கிறாள். பேண்டேஜ் கம்பெனியில் மேஸ்திரி ஆகிவிட்டாள், குரலிலேயே அது தெரிகிறது. நான் ஒவ்வொன்றாக விளக்கினேன். நான் செத்தால் வீடு சீனிக்குத்தான், வேறு யாரும் வந்து கேட்க முடியாது. அவன் படுத்தால் நான் கையெழுத்துப் போடலாம், நான் படுத்தால் அவன் போடலாம். எங்களைக் குடும்பம் என்று சர்க்கார் ஒத்துக்கொண்டுவிட்டது.

அக்கா எல்லாவற்றையும் 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"ஏலே, இது இப்பத்தான் வந்துச்சா?"

"ஆமாக்கா. இப்பத்தான்."

"அப்போ இந்த அஞ்சு வருசமா அந்த ஊரு சர்க்கார் என்னலே பண்ணிக்கிட்டு இருந்தாவ? நாந்தான் அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டேனே."